பள்ளத்து ஊற்றுத் தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா ஸ்ரீரங்கம் ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டினார். அண்ணன்கள் இருவரும் பள்ளிக்கூடத்தின் மதில் சுவரை மட்டுமே அறிந்தவர்கள். நான் பதினோராம் வகுப்பு தேறிய அன்று அப்பா எனக்கு ஒரு மாலையும் குதிரைக்கு ஒரு மாலையும் வாங்கி வந்தார். குதிரை அதன் மாலையைத் தின்றுவிட்டது. நான் என்னுடையதைச் சருகாகும் வரை ஆணியில் தொங்கவிட்டேன்.

அப்பாவுக்கு எழுத்தென்றால் ஒரு பயபக்தி. ஒரு சமயம், கோயில் கல்வெட்டுகளைப் படி எடுக்க வந்த ஒரு உத்தியோகஸ்தரை ஒரு வாரம் வண்டியில் ஏற்றிப்போய்க் கொண்டுவந்து விட்டிருக்கிறார். சுவரில் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "இது என்ன பாஷைங்க?" என்று கேட்டாராம். "தமிழ்தாம்ப்பா. பழைய தமிழ்" என்று பதில் வந்ததாம். அவ்வளவு போதும். மறு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு மதிலின் முன்னால் நிறுத்தி, "வாசி பாப்பா" என்றார்.

எனக்குத் தெரிந்த எழுத்துகள் அங்கே மூன்றோ நான்கோ இருந்தன. ஒரு ட, ஒரு ப, ஒரு ம. மற்றவையெல்லாம் புழு நெளிந்த மாதிரி இருந்தன. நான் தெரிந்தவற்றை உரக்கச் சொன்னேன், மற்றதை முணுமுணுத்தேன். அப்பா கண் கலங்கிவிட்டார். எனக்குத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை.

நான் தேறினால் கொல்லிமலைக்கு என்னை அழைத்து வருவதாக அப்பா ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். எல்லோரும் போகிற பெரிய கோயிலுக்கு அல்ல. அதிலிருந்து இன்னும் இரண்டு மலை தாண்டி, சோழர் காலத்தில் கட்டியது என்று சொல்லப்பட்ட ஒரு சிறிய சிவன் கோயில். மலைக்காரர்கள் அதைக் கல்லுக்கோயில் என்றுதான் சொல்வார்கள். அப்பாவின் மாமன்கள் அடிவாரத்துக்காரர்கள். அவர்கள் கும்பிட்ட சாமி.

ஆடி மாதம், டீச்சர் ட்ரெயினிங் ஸ்கூலில் நான் சேர வேண்டிய நாளுக்குப் பத்து நாள் முன்னால் கிளம்பினோம். அப்பா, நான், அத்தை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை; அண்ணன்களோடு வீட்டில் இருந்துவிட்டாள். அத்தை அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவள். அவள் நாக்குக்கு வீட்டில் எல்லோரும் பயம், குதிரை உட்பட.

துறையூர் வரை ஒரு பஸ், அடிவாரத்துக்கு இன்னொன்று. பிறகு நடை. பாதையென்று சொல்ல ஒன்றும் இல்லை; மழைத்தண்ணீர் இறங்கி அறுத்த வழியில் நாங்கள் ஏறினோம். ட்ரெயினிங் ஸ்கூலுக்கென்று வாங்கிய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். பத்தடியில் இரண்டு முறை வழுக்கியது.

"கழட்டிக் கையில வச்சுக்கோடி. மகாராணி செருப்போட மலையேறுறா" என்றாள் அத்தை.

"நீங்க சும்மா வாங்க அத்தை."

"நானா சும்மா வரணும்? கொல்லிமலைன்னு சும்மாவா பேரு வச்சிருக்கான்?"

பாதி வழியில் அப்பா கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். தலைக்கு மேலே, துருத்திக்கொண்டிருந்த பாறையின் அடியில் வரிசையாகப் பெரிய தேனடைகள் கறுப்பாகத் தொங்கின. ஒரு அடை மூச்சு விடுவதுபோல மெல்லச் சிலிர்த்து அடங்கியது. பேசாமல், ஒருவர் பின் ஒருவராக, இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு நடந்தோம். அதைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போகும் அப்பாவின் வேட்டி தெரியும், மறையும், மறுபடி தெரியும். காலில் ஏதோ குளிர்ந்தது என்று குனிந்து பார்த்தால் கணுக்காலில் மூன்று அட்டைகள். நான் போட்ட சத்தத்துக்கு எங்கிருந்தோ ஒரு பறவை பதில் சத்தம் போட்டது. அத்தைகூடச் சிரிக்கவில்லை.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. நான் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவள். கோயில் என்றால் எனக்குக் கோபுரமும் கூட்டமும் சத்தமும்தான். இங்கே பனிக்குள் ஒரு கருங்கல் அறை, முன்னால் நான்கு தூண் மண்டபம், கழுத்து உடைந்த நந்தி. விமானத்தின் மேல் ஒரு மரம் வேர்விட்டுக் கற்களைப் பிளந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு விளக்கு. யாருமே இல்லாத இடத்தில் யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல எனக்குப் பின்கழுத்து கூசியது.

ஆடிப் பூசைக்காக ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர், கம்பளி போர்த்திய பெரியவர், மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். பூசாரி முப்பது வயதுக்காரர். அவர் மனைவிக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம்; முதுகில் துணியால் ஒரு குழந்தையைக் கட்டியிருந்தாள்.

அப்பா உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "எம்பொண்ணுங்க. பதினோராங் கிளாஸ் பாசு. டீச்சராகப் போவுது. கோயில் சுவத்துல இருக்கற எழுத்தெல்லாம் வாசிக்குமுங்க."

ஊர்க்கவுண்டர் நிமிர்ந்து பார்த்தார். "கல்லெழுத்தா?"

"ஆமாங்க. ரெங்கநாதர் கோயில்லயே வாசிச்சிருக்கு."

மண்டபத்திலிருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

கோயிலின் அடிச்சுவரைச் சுற்றி மூன்று வரிசை எழுத்து ஓடியது. இந்தக் கோயிலில் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதாக அவர்களுக்கு நம்பிக்கை. படிக்கத்தான் ஆள் இல்லை. ஊர்க்கவுண்டர் விஷயத்தைச் சொன்னார். சாமிக்குத் தண்ணீர் எடுக்க இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று கோயிலுக்குப் பின்னாலேயே, மேல் ஊற்று. இன்னொன்று கீழே பிளவுக்குள், பள்ளத்து ஊற்று. பூசாரி வீட்டுப் பெண்தான் விடியும் வேளையில் போய் ஒரு குடம் எடுத்து வர வேண்டும். போகும்போதும் வரும்போதும் வாய் திறக்கக் கூடாது. பழைய வழக்கம் பள்ளத்து ஊற்று. மூன்று வருஷமாகப் பூசாரி மனைவி மேல் ஊற்றில் எடுக்கிறாள். இந்த வருஷம் கோமாரி வந்து ஊரில் பாதி மாடு போய்விட்டது.

"எந்தத் தண்ணி சாமிக்கு வேணும்னு கல்லுல இருக்கும். அதைப் பாத்துச் சொல்லு ஆயி. நீ சொல்றபடி செய்யறோம்."

எல்லோரும் என்னோடு எழுந்து வந்தார்கள். ஒரு ஆள் தண்ணீர் ஊற்றிப் பாசியைத் தேய்த்துவிட்டார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலை வைத்தேன். கல் சில்லென்றிருந்தது. முதல் வரிசையில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவதில் ஒரு ட. அப்புறம் ஒரு பெரிய வெடிப்பு. அதைத் தாண்டி ஒரு ப; அதை அடுத்து ள மாதிரி ஒன்று. ள தானா என்பதும் நிச்சயமில்லை.

பின்னால் அறுபது பேர். அப்பாவின் மூச்சுச் சத்தம் தனியாகக் கேட்டது.

"பள்ளம்னு இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே வகுப்பு டீச்சரின் குரல்போலக் கேட்டது. "பள்ளத்துத் தண்ணின்னு இருக்கு."

"பாத்தீங்களா!" என்றார் ஊர்க்கவுண்டர். அப்பா சுற்றியிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் திரும்பியபோது பூசாரி மனைவி மட்டும் என்னைப் பார்க்காமல், முதுகிலிருந்த குழந்தையை அவிழ்த்து முன்னால் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று எங்களால் இறங்க முடியாது, மண்டபத்திலேயே தங்கல். பூசாரி மனைவி சாமைச்சோறும் கீரையும் கொண்டுவந்தாள். எனக்கு வைத்துவிட்டு உடனே நகர்ந்துவிட்டாள். அத்தை அவளோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, அந்தப் பொண்ணோட மாமியா எப்படிச் செத்தா தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பள்ளத்துல தண்ணி எடுக்கப் போயித்தான். கொடத்தோட போனாளாம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஆளு கெடைச்சுதாம். அதுக்கப்புறந்தான் மேல எடுக்கறாங்க." அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். "கல்லுல அப்படித்தானே இருக்கு?"

"இருக்கு" என்றேன்.

சோற்றைத் தள்ளி வைத்தேன். இதற்குள் ஊர்க்கவுண்டர் வந்து, நாளைக்கே முதல் குடம் எடுக்க வேண்டும், படித்துச் சொன்ன பெண்ணே கூடப் போகட்டும், அது நமக்கு மரியாதை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கையைக் கூப்பினார். நான் படுத்துக்கொண்டு, அந்த வெடிப்புக்குப் பக்கத்திலிருந்த எழுத்து ள தானா என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். எழுத எழுத அது ளவாகவே இல்லை.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். அவள் இடுப்பில் புதுப் பானை. குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கோயிலுக்குப் பின்னால், மேல் ஊற்று ஒரு தொட்டிக் கல்லில் சலசலவென்று விழுந்துகொண்டிருந்ததை நாங்கள் தாண்டித்தான் போக வேண்டும். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிளவின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தேன். கீழே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாகப் பனி மட்டும். அதற்கு அடியிலிருந்து தண்ணீர் விழும் சத்தம், நெஞ்சுக்குள்ளேயே விழுவதுபோல. வேர்களைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மலைப் பக்கம் வைத்து, பின்பக்கமாக இறங்க வேண்டும். அவள் இறங்கினாள். நானும் இறங்கினேன். ஒவ்வொரு வேரும் ஈரமாக இருந்தது. ஒன்று கையோடு வந்தது. கத்த வாய் திறந்தேன். கத்தக் கூடாதென்று ஞாபகம் வந்து மண்ணைக் கடித்தேன்.

வேர்கள் முடிந்த இடத்தில் ஒரு சரிந்த பாறை. அதன் மேல் தண்ணீர் ஒரு விரல் கனத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. எண்ணெய் தடவிய தோசைக்கல்லைச் சாய்த்து வைத்த மாதிரி. அதைக் குறுக்கே கடந்தால் அந்தப் பக்கத்தில் ஊற்று. பாறையின் கீழ்விளிம்புக்கு அப்பால் பனிதான்.

நான் பாறையில் நான்கு அடி போனேன். ஐந்தாவது அடியில் கால் நழுவி உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பாவாடை நனைந்து கனத்துக் கீழே இழுத்தது. கை விரல்களைப் பாறையின் ஒரு கீறலுக்குள் விட்டுக்கொண்டு, எல்லா சாமியையும் கூப்பிட்டேன். ஒரு சாமியின் பெயரும் முழுதாக வரவில்லை. பொய் சொன்ன வாய்க்கு இதுதான் என்று மட்டும் தெளிவாகத் தோன்றியது.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். கால் விரல்களை ஒவ்வொன்றாக ஊன்றி, பக்கவாட்டில் நகர்ந்து, மறுபுறம் சேர்ந்து, பானையை நிரப்பி, இடுப்பில் வைத்துத் திரும்பி வந்தாள். நடுப்பாறையில், ஒரு இடத்தில், கொஞ்சம் நின்றாள். அது எந்த இடமாக இருக்கும் என்று எனக்குப் புரிந்தது. பிறகு என் பக்கத்தில் வந்து ஒரு கையை நீட்டினாள். பிடித்தேன். அந்தக் கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மலையில் பிறந்தவர்களுக்கு மலை பயமில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

வேர்களுக்கு அருகே வந்ததும் நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, கல்லுல அப்படி இல்ல. எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது."

அவள் அசையாமல் நின்றாள். அவள் பதில் பேசக் கூடாது. பேசினால் தண்ணீர் பழுது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், பானையைச் சாய்த்தாள். தண்ணீர் முழுவதும் பாறையில் ஓடி விளிம்பைத் தாண்டிப் போனது.

"நெசமா?" என்றாள்.

"நெசமா."

"இதை அங்க வந்து சொல்லு. நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க. உங்கப்பன் இருக்கறப்பவே சொல்லணும்."

"சொல்றேன்."

"சொல்லாம எறங்கிப் போயிட்டேன்னு வையி," என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். அவள் நாளைக்கும், மறுநாளும், மழைக்காலம் முழுவதும் இங்கே வர வேண்டியிருக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மேலே ஊரே காத்திருந்தது. வெறும் பானையைப் பார்த்ததும் ஊர்க்கவுண்டர் எழுந்துவிட்டார். பூசாரி மனைவி என் பக்கம் திரும்பினாள். பள்ளத்தில் இருந்த பயம் வேறு, இது வேறு. அங்கே கால்தான் நழுவியது. இங்கே, மண்டபத்துத் தூணில் சாய்ந்து புன்னகையோடு நின்ற அப்பாவைப் பார்க்க என் கண்ணே மறுத்தது.

"நேத்து நான் சொன்னது பொய்ங்க" என்றேன். "எனக்கு அந்த எழுத்து தெரியாது. அதுல பள்ளம்னு இருக்கான்னும் தெரியாது."

யாரோ சிரித்தார்கள்.

"பள்ளத்தைப் பாத்துப் புள்ளை பயந்துருச்சு" என்றார் ஒருவர்.

"கீழ்நாட்டுப் புள்ளைதானே. பாதி வழியிலயே மூச்சு வாங்கியிருக்கும்."

ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. பூசாரி மனைவியைப் பார்த்தார். "நீதானே சொல்லிக் குடுத்தே? படிச்ச புள்ளை மனசைக் கலைச்சு, சாமி தண்ணியையும் கொட்டிட்டு வந்து நிக்கிறியா?"

"இல்லைங்க" என்று நான் அழுதுகொண்டே கத்தினேன். "நான்தாங்க. அவங்க ஒண்ணும் சொல்லலை."

என் பேச்சு எடுபடவில்லை. நேற்று என்னை நம்பிய அதே காரணத்துக்காக இன்று நம்ப மறுத்தார்கள். படித்தவள் சொன்னது சொன்னதுதான். பிறகு அழுதது பெண் பிள்ளையின் பயம். பூசாரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யாரோ இன்னொரு பானை கொண்டுவரச் சொன்னார்கள்.

அப்போது அப்பா தூணை விட்டு வந்தார். புன்னகை போயிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரடிக்கு இழுத்துக்கொண்டு போனார். எல்லோரும் பின்னால் வந்தார்கள். தன் ஆள்காட்டி விரலை ஒரு எழுத்தின்மேல் வைத்தார்.

"இது என்ன?"

"தெரியாதுப்பா."

"இது?"

"தெரியாதுப்பா."

"இது?"

"அது ட."

"இது?"

"தெரியாது."

அவர் அவசரப்படவில்லை. சவுக்கைப் பிடித்துத் தழும்பேறிய அந்த விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. ஒவ்வொன்றிலும் நின்றது. இரண்டாம் வரிசை முழுவதும் அப்படி. தெரியாது, தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே கூடப் போனேன். ஸ்கூலில் ஒருநாளும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லச் சொல்லக் காது அடைத்தது. அந்த வெடிப்புக்கு வந்தபோது, "இது?" என்றார். "ப" என்றேன். "அதுக்குப் பக்கத்துல?" "தெரியாதுப்பா."

அப்பா எழுந்து ஊர்க்கவுண்டரின் முன்னால் நின்றார். தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எம்பொண்ணுக்கு ரெண்டு எழுத்துதாங்க தெரியுது. மிச்சத்தை அதுவாச் சொல்லிருச்சு. தெரியும்னு உங்ககிட்டப் பெருமையடிச்சவன் நான். பெத்தவன் இத்தனை பேரு முன்னால பொண்ணுக்குத் தெரியாதுன்னு சும்மா சொல்லுவானுங்களா?"

அதை அவர்கள் நம்பினார்கள். நான் அழுததை நம்பாதவர்கள், அப்பா துண்டைக் கையில் எடுத்ததை நம்பினார்கள்.

ஊர்க்கவுண்டர் கல்லைப் பார்த்தார். "அப்ப இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார். ஈரக் கல்லைக் கையால் தடவிவிட்டு, "தெரியற வரைக்கும் மேல் ஊத்துலயே எடுங்க" என்றார். அவருக்கு அதில் சம்மதம் இருந்ததாகத் தெரியவில்லை. பூசாரி மனைவி அத்தையிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பானையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் நிலையில் நான் இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

பூசை முடிந்ததும் இறங்கினோம். அத்தை முன்னால், நான் நடுவில், அப்பா பின்னால். அத்தை ஒரு ஏச்சுக்கூட ஏசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அப்பா ஏதாவது சொல்வார் என்று முதுகெல்லாம் காதாக நடந்தேன். பாதி மலை இறங்கும் வரை அவர் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

"பாப்பா."

"என்னப்பா?"

"போன மாசம் அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு. வேளைக்கு எத்தினி மாத்திரைன்னு நீதானே பாத்துச் சொன்னே?"

நான் நின்றுவிட்டேன். "அது சரியாத்தாம்ப்பா பாத்தேன். சத்தியமா. அது இங்கிலீஷ், எனக்குத் தெரியும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஜட்காவில் ஏறவரும் புது ஆளை, கூலி ஒழுங்காகக் கொடுப்பானா என்று கணிப்பதற்காகப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"சரி. பாத்துக் கால வை" என்றார்.

ட்ரெயினிங் ஸ்கூலில் என்னை அவரே வண்டியில் கொண்டுபோய் விட்டார். இப்போது நான் டீச்சர். ஐம்பது பிள்ளைகள் என் சொல்லை வேதமாக எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வரும் கடிதம், ரேஷன் அட்டை, வரி நோட்டீஸ் எல்லாவற்றையும் நான்தான் வாசிக்கிறேன். நான் வாசித்து முடித்ததும் அப்பா என் முகத்தைப் பார்ப்பார். பிறகு, குரலில் கோபம் எதுவும் இல்லாமல், "நல்லாப் பாத்தியா?" என்பார். ஒவ்வொரு முறையும் என் கால் பள்ளத்துப் பாறையில் நழுவுகிறது. முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக, மறுபடியும் வாசிக்கிறேன்.